மலையில் பாம்பு வளர்ப்போர் வெளியூர் செல்லும் முன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் பால் பைத்தான் (Ball Python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பையோ கார்ன் ஸ்னேக் (Corn Snake) என்ற அமெரிக்கப் பாம்பையோ வளர்க்கத் தொடங்கியவர்கள், முதன்முறையாக ஒரு வாரம் வெளியூர் செல்ல நேரும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அதுவரை இரை யார் போடுவார்கள்?" நாயும் பூனையும் வளர்த்துப் பழகிய வீடுகளில் இந்தக் கவலை எழுவது இயல்பு. ஆனால் நன்கு வளர்ந்த, உடல்நலமுள்ள பாம்பு இரண்டு மூன்று வாரம் இரையின்றி ஒரு குறையுமில்லாமல் இருக்கும். அதே பாம்பு, ஜனவரி மாத இரவில் வெப்பமூட்டி நின்றுபோன பெட்டிக்குள் இரண்டு நாள் கிடந்தால் நோயில் விழக்கூடும். சமவெளியில் பாம்பு வளர்ப்போருக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் இரையையும் தண்ணீரையும் முன்னால் வைக்கின்றன. மலையில் வெப்பத்தை முன்னால் வைத்து, மற்ற அனைத்தையும் அதற்குப் பின்னால் வரிசைப்படுத்த வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

தொடங்கும் முன்: உங்களிடம் இருப்பது எந்தப் பாம்பு?

இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்பு எதையும் வீட்டில் செல்லப்பிராணியாக வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை. மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, சாரை மட்டுமன்றி, தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் கொத்தும்போது வெளிப்படும் சின்னஞ்சிறு மண்வாழ் பாம்புகளுக்கும் இது பொருந்தும். அவ்வாறு ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது இந்த வழிகாட்டி அல்ல. வனத்துறையிடம் பேசி அதை ஒப்படைப்பதுதான் முறை.

வெளிநாட்டு இனங்களில் பால் பைத்தான், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் 2024-ஆம் ஆண்டில் வெளியான பதிவு விதிகளும் சேர்ந்து, இப்பட்டியல்களில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வகுத்துள்ளன. விலங்கு கைமாறினாலும் இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் அப்பட்டியல்களில் இல்லை என்றாலும், வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் சன்னல் வழியே பாம்பைப் பார்த்துவிட்டு வனத்துறையைக் கூப்பிட்டால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். பதிவுச் சான்றின் நகலைப் பெட்டிக்கு அருகிலேயே உறையிலிட்டு ஒட்டி வையுங்கள். பாம்பைப் பல வாரங்கள் வேறொருவர் வீட்டில் விட்டுச் செல்வதாயிருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டுமா என்று வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மாதத்தைப் பார்த்து ஏற்பாட்டை முடிவு செய்யுங்கள்

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் புல்வெளிகளைச் சேர்ந்தது; குளிர்கால உறக்கம் அதற்குக் கிடையாது. பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி என்பது அதற்கு ஏற்ற அளவு. கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலம் உண்டு என்பதால் அதன் உடல் ஓரளவு குளிரைத் தாங்கும். சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 டிகிரி இருந்தால் அதற்குப் போதும். வயிறு காலியாக இருக்கும் வளர்ந்த கார்ன் ஸ்னேக் ஓர் இரவு 15 டிகிரியில் கிடந்தாலும் பொதுவாகத் தேறிவிடும். பால் பைத்தானை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இனி மலையின் பக்கம் வருவோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. கொடைக்கானல் ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளிலும் இதே நிலைதான். ஆள் இருக்கும் வீட்டில் சமையல், விளக்கு, மனித மூச்சு என்று சிறு சிறு வெப்பம் சேர்ந்துகொண்டே இருக்கும். பூட்டிய வீட்டில் அதுவும் இல்லை. கல்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடு நான்கு நாள் பூட்டிக் கிடந்தால், உள்ளே இருக்கும் குளிர் வெளியே வெயிலில் நிற்பதைவிடக் கடுமையாக இருப்பதை மலையில் வாழும் அனைவரும் அறிவர். ஆகவே, நீங்கள் வீட்டில் இருக்கும்போது சரியாக வேலை செய்த வெப்பமூட்டி, வீடு பூட்டப்பட்ட பிறகும் போதுமானதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உறைபனிக் காலத்தில் பயணம் அமைந்தால், அது இரண்டு நாள் பயணமாக இருந்தாலும், தினமும் ஒருவர் வந்து வெப்பமானியைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வளர்ந்த பாம்பை மூன்று நாள் வரை ஆளின்றி விட்டுச் செல்லலாம். மழைக்காலத்தில் குளிரைவிட மின்வெட்டும் சாலை அடைப்பும்தான் பெரிய கவலை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒத்திகை: வெப்பம் எவ்வளவு நேரம் நிற்கிறது?

புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பலர் தவிர்த்துவிடும் படி இது. என் கருத்தில் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரமிருக்கிறது என்றால் இதைத்தான் பின்பற்ற வேண்டும்.

பாம்பின் வயிறு காலியாக இருக்கும் ஒரு குளிர் நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகளின் உணர்முனைகளைப் பெட்டிக்குள் வையுங்கள்: ஒன்று சூடான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில், இரண்டும் பாம்பு படுத்திருக்கும் தரைமட்டத்தில். கண்ணாடியின் மேற்பகுதியில் ஒட்டப்படும் வட்ட வடிவ முள் வெப்பமானிகள் தரையின் வெப்பத்தைக் காட்டுவதில்லை. அவற்றை நம்ப வேண்டாம். அறையின் வெப்பத்தை அளக்க மூன்றாவதாக ஒன்றை மேசை மேல் வைத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு வெப்பமூட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். குளிர்ந்த பக்கம் பால் பைத்தானுக்கு 22 டிகிரியையும், கார்ன் ஸ்னேக்குக்கு 18 டிகிரியையும் தொட்டவுடன் நிறுத்திவிட்டு, வெப்பமூட்டியை மீண்டும் போட்டுவிடுங்கள். இந்த அளவுக்கு இறங்கியதால் வயிறு காலியான, நலமுள்ள பாம்புக்குத் தீங்கு வராது.

கிடைத்த நேரம்தான் உங்கள் கையிலுள்ள அவகாசம். மின்சாரம் போய் இத்தனை மணி நேரத்துக்குள் யாரேனும் வந்தாக வேண்டும் என்பது அப்போது துல்லியமாகத் தெரிந்துவிடும். கண்ணாடிப் பெட்டி மிக விரைவாக ஆறிப்போவதையும், மரப்பெட்டியோ தடித்த பிவிசிப் பெட்டியோ மெதுவாக ஆறுவதையும் தாளில் உள்ள எண்களே காட்டும்.

அடுத்த இரவு, பெட்டியின் பின்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் தகடுகளை வைத்துக் கட்டி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்றுத் துளைகளை மூடிவிடக் கூடாது. வெப்பமூட்டியின் மேலோ, அதன் கம்பி வெளிவரும் இடத்திலோ தெர்மாகோலும் கம்பளியும் படக் கூடாது. அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) ஒட்டியிருந்தால் அந்தப் பகுதிக்கு நேர்கீழே தகடு வைக்க வேண்டாம். அங்கே வெப்பம் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் வைக்காமல் மேசை மேல் வைப்பதே அவகாசத்தைக் கூட்டித் தரும். மலைவீட்டின் வெளிச்சுவரும் சிமெண்டுத் தரையும் இரவில் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் எந்த வெப்பமூட்டியையும் ஓடவிட்டுச் செல்லாதீர்கள். குளிரைப் பற்றியே பேசினாலும், பகலில் வெயில் ஏறும்போது கட்டுப்பாடற்ற ஹீட் மேட் 45 டிகிரியைத் தாண்டிப் பாம்பின் வயிற்றுச் செதில்களைச் சுட்டுவிடும். பாம்பு சூட்டை உணர்ந்து உடனே விலகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை டேப்பினால் மட்டும் ஒட்டாமல், பாம்பு இழுத்து நகர்த்த முடியாதபடி கேபிள் கிளிப்பினால் இறுக்குங்கள். முனை இடம் மாறிக் குளிர்ந்த பக்கத்துக்கு வந்துவிட்டால், கருவி இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணி ஓயாமல் வெப்பத்தை ஏற்றும்.

மின்சாரம் போனால்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் சாய்ந்து மின்கம்பங்கள் விழுந்தன, பல இடங்களில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாள்கள் அரிதாக வரலாம். ஆனால் நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ மாட்டிக்கொண்டிருக்கும் நாளாகவும் அது அமையலாம். மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழையான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் எச்சரிக்கை தேவை. பயணம் நான்கு நாள் என்றால் ஏழு நாளுக்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி நேர பேட்டரியில் 1,800 வாட் மணி நேர மின்சாரம் இருப்பதாகக் கணக்கு. அதில் பாதியைத்தான் பேட்டரி கெடாமல் எடுக்க முடியும் என்பதையும், மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் கழித்தால், கைக்கு வருவது ஏறக்குறைய 750. தெர்மோஸ்டாட்டினால் விட்டு விட்டு ஓடும் 60 வாட் செராமிக் ஹீட்டர், சராசரியாக 30 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தாளில் 25 மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் தனக்கெனச் செலவழிக்கும் மின்சாரமும், கடுங்குளிரில் ஹீட்டர் ஓயாமல் ஓடும் நேரமும் சேர்ந்தால் அது பாதியாகிவிடும். ஆகவே ஓர் இரவுக்குத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கிளம்பும் முன் இன்வெர்ட்டரோடு இணைந்த விளக்குகள், தொலைக்காட்சி, மின்விசிறி அனைத்தையும் அணைத்துவிடுங்கள். பாம்பின் பெட்டியும் வைஃபை ரௌட்டரும் மட்டும் அதில் இருக்கட்டும். வெப்பத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு உணர்கருவி ஒன்றை வாங்கி வைப்பது கேமராவைவிடப் பயனுள்ளது. கேமராவில் பாம்பு பெரும்பாலும் மறைவிடத்துக்குள்தான் இருக்கும். எண்கள் எப்போதும் தெரியும்.

மின்சாரம் இரண்டாம் நாளும் வராவிட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் செய்ய வேண்டியது எளிதான ஒன்றுதான். கேஸ் அடுப்பில் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வைத்து, ரப்பர் வெந்நீர்ப் பைகள் இரண்டில் நிரப்பி, துண்டில் சுற்றி, பெட்டியின் வெளிப்புறத்தில் சூடான பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, எல்லாவற்றையும் கம்பளியால் மூட வேண்டும். மூன்று மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பெட்டியைத் திறக்காமலே செய்யலாம் என்பதால் பாம்பைக் கண்டு அஞ்சுபவரும் இதைச் செய்ய முடியும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மலையில் குளிர் காலத்தில் சட்டியில் கரி போட்டு அறைக்குள் கணப்பு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பூட்டிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இதனால் தூக்கத்திலேயே மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். பாம்புக்காகவென்று நல்லெண்ணத்தில் யாரும் அப்படிச் செய்துவிடாதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரை: நிறுத்துவதே ஏற்பாடு

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வயிறு நிறைய இரை கொடுத்துவிட்டுப் போவது அன்பினால் செய்யப்படும் ஆபத்தான காரியம். பாம்பு செரிப்பதற்குத் தன் உடல் வெப்பத்தை அல்ல, பெட்டியின் வெப்பத்தையே நம்பியிருக்கிறது. வெப்பம் இறங்கினால் செரிமானம் நின்று, இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும், அல்லது நச்சு உடலில் ஏறும். கடைசி இரையைப் புறப்படும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு, வழக்கமான அளவைவிடச் சற்றுச் சிறியதாகக் கொடுங்கள். குளிர்காலத்தில் பத்து நாள் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. அது எச்சமிட்ட பிறகு பெட்டியைச் சுத்தம் செய்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

வளர்ந்த பாம்புகள் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை உண்பவை. பால் பைத்தான் குளிர்மாதங்களில் தானாகவே பல வாரம் இரையை மறுப்பதுண்டு. ஆகவே மூன்று வாரம் வரை பயணத்தில் இரை பற்றிப் பேச வேண்டியதே இல்லை. ஓராண்டுக்கும் குறைந்த குட்டிகள் மட்டும் விதிவிலக்கு. அவை ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை உண்ண வேண்டியவை, உடலில் சேமிப்பும் குறைவு. குட்டியை வைத்திருப்பவர் பத்து நாளுக்கு மேல் செல்வதாயிருந்தால் அனுபவமுள்ள வளர்ப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லட்டும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுச் செல்வது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பசியுள்ள எலி, தின்ன மனமில்லாத பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும்.

தண்ணீர், ஈரப்பதம், விரிப்பு

கனமான பீங்கான் கிண்ணத்தில் கொதித்து ஆறிய தண்ணீரை வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். ஜனவரி மாதக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றட்டும்.

பால் பைத்தானுக்கு 55 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 50 விழுக்காடும் போதும். மலையில் இது பருவத்துக்குப் பருவம் தலைகீழாக மாறும். பனிக்காலத்துக் காற்று வறண்டது. அதைச் சூடாக்கினால் இன்னும் வறளும், சட்டை துண்டு துண்டாக உரிந்து கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அப்போது விரிப்பு ஈரமாகவே கிடந்து வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கிளம்பும். கோடையும் பனிக்காலமும் என்றால் ஈரமான பாசியோ ஈரத் துணியோ வைத்த மூடியிட்ட டப்பா ஒன்றை மறைவிடமாக வையுங்கள்; மழைக்காலம் என்றால் அதை எடுத்துவிட்டுக் காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள்.

கண்கள் நீலம் கலந்த பால்நிறமாக மாறியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். கண் மீண்டும் தெளிந்து, சில நாளில் சட்டை உரியும். அந்த வாரத்தில் பயணம் விழுந்தால், பாம்பை இடமாற்ற வேண்டாம். ஈர டப்பா மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

நீங்கள் இல்லாத நாள்களுக்குத் தேங்காய் நார்த்தூளைவிட நாளிதழே சிறந்த விரிப்பு. எச்சமிட்டால் உடனே கண்ணில் படும், எடுத்துப் போடுவதும் எளிது. மலையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பைன் ஊசியிலை, சைப்ரஸ் தூள், யூகலிப்டஸ் பட்டை ஆகியவற்றை ஒருபோதும் போடாதீர்கள். அவற்றின் எண்ணெய் ஆவி மூடிய பெட்டிக்குள் பாம்பின் நுரையீரலை எரிச்சலூட்டும். பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வலது நுரையீரல்தான் வேலை செய்கிறது. மலைப்பாம்பு வகைக்கு இரண்டும் உண்டு என்றாலும் இடதுபுறம் சிறியது. இதே காரணத்துக்காக, பூட்டிய வீட்டில் பூச்சி வரக் கூடாதென்று அந்துருண்டை, நீலகிரித் தைலம், கொசுவர்த்தி, பூச்சிமருந்துத் தெளிப்பு எதையும் அந்த அறையில் வைக்க வேண்டாம்.

யாரிடம் ஒப்படைப்பது?

பாம்புப் பிரியரைத் தேடி அலைய வேண்டாம். பொறுப்பாக எண்ணைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரரும், பெட்டியைத் திறக்கத் துணிந்த ஓர் இளைஞரும் போதும்; இருவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இருவரையும் வீட்டுக்கு அழைத்து, உங்கள் கண்முன்னே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். பாம்பு இருக்கும் வீட்டுக்குள் வரவே தயங்குபவரை வற்புறுத்தாதீர்கள். பயத்தோடு வருபவர் இரண்டாம் நாள் வராமல் நின்றுவிடுவார், அதை உங்களிடம் சொல்லவும் கூச்சப்படுவார்.

உதவிக்குச் சமவெளியிலிருந்து நண்பர் தம் வண்டியில் வருவதாயிருந்தால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை என்பதையும், சீசன் மாதங்களில் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வைத்து முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். அவசரத்தில் கிளம்பி வருபவர் சோதனைச்சாவடியில் நின்றுவிடக் கூடாது.

எழுதி ஒட்டும் தாள் சுருக்கமாக, ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கான தாள் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"அக்கா, காலையில் ஒருமுறையும் இரவு படுக்கும் முன் ஒருமுறையும் பெட்டியின் முன்னால் இருக்கும் இரண்டு மீட்டர்களையும் பாருங்கள். இடப்பக்கம் 30-லிருந்து 33-க்குள், வலப்பக்கம் 24-லிருந்து 27-க்குள் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் போதும். வலப்பக்கம் 22-க்குக் கீழே போனாலும், இடப்பக்கம் 35-க்கு மேலே போனாலும் உடனே கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை. 35-க்கு மேலே என்றால் சிவப்பு டேப் ஒட்டிய சுவிட்சை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பாம்பு கண்ணில் படவில்லை என்றால் பயப்பட வேண்டாம், உள்ளே படுத்திருக்கும். கண்ணாடியைத் தட்ட வேண்டாம், திறக்கவும் வேண்டாம். தண்ணீரைத் தம்பி வந்து மாற்றிக்கொள்வான்."

தண்ணீர் மாற்றுபவருக்கு வேறு சில குறிப்புகள் தேவை. திறந்த பெட்டியை விட்டு ஒரு நொடியும் கண்ணை எடுக்கக் கூடாது. முடித்ததும் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்குத் துளையில் நீர்க்குமிழி உடைவது, மூச்சில் சீட்டி போன்ற ஒலி வருவது, தலையைத் தூக்கி வைத்தபடியே கிடப்பது ஆகியவை மார்புச்சளியின் அடையாளங்கள். அவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாம்பைப் பார்க்கும் மருத்துவர் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ யார் என்று விசாரித்து, கைப்பேசி எண்ணை அதே தாளில் எழுதிவிடுங்கள். மலையில் அன்றைக்குத் தேடினால் கிடைப்பது கடினம்.

பெட்டி காலியாக இருந்தால்

பாம்பு வெளியேறிவிட்டது என்று தெரிந்தால், பார்த்துக்கொள்பவர் செய்ய வேண்டியது தேடுவதல்ல. அறைக்கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவதுதான். வெளியேறிய பாம்பு குளிர் நாளில் வெப்பத்தைத் தேடியே போகும்: ஃப்ரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டர், வைஃபை ரௌட்டர், மெத்தையின் அடி. இந்த இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பூட்டிய மலைவீட்டுக்குள் காட்டுப் பாம்புகளும் வரும். குழிவிரியன் வகைகள் தேயிலைத் தோட்டத்தையும் சோலையையும் ஒட்டிய வீடுகளில் காணப்படுபவை. எனவே உங்கள் பாம்பின் தெளிவான படம் இரண்டை, தலை ஒன்றும் முழு உடல் ஒன்றுமாக, தாளில் ஒட்டி வையுங்கள். படத்தோடு ஐயமின்றிப் பொருந்தாத எந்தப் பாம்பையும் கையால் தொடக் கூடாது. வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோதான் அழைக்க வேண்டும். கடி ஏதேனும் நேர்ந்தால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "வீட்டுப் பாம்புதானே" என்று காத்திருக்கக் கூடாது.

கீழே கொண்டுபோய் விடுவதாக இருந்தால்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பயணம், அதுவும் பனிக்காலத்தில் என்றால், பாம்பைச் சமவெளியில் ஒரு வளர்ப்பாளரிடம் விடுவதே நல்லது என்பது என் துணிபு. மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஜனவரி இரவுகள் மலையைவிடப் பல டிகிரி இதமானவை. அங்கே வெப்பமூட்டி ஒருநாள் நின்றாலும் பாம்பு தாங்கும்.

கடைசி இரைக்குப் பத்து நாள் கழித்துக் கிளம்புங்கள்; கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும்போது நிறைந்த வயிறு கக்கிவிடும். தையல் வலுவான பருத்தித் தலையணை உறைக்குள் பாம்பை விட்டு, வாயை முடிச்சிட்டு, மூடியில் சிறு துளைகள் இட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை ஒரு மூலையில் இருக்கட்டும். உறையோடு நேரே ஒட்ட வேண்டாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், பர்லியாறு தாண்டியதும் காற்றின் சூடு மாறிவிடும். அங்கே ஒருமுறை நிறுத்தி வெந்நீர்ப் பையை வெளியே எடுத்துவிடுங்கள். கீழே இறங்கிய பின் தேநீர்க்கடையில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் பாம்பை உள்ளே விட்டுப் போகக் கூடாது. மூடிய காருக்குள் அரை மணி நேரமே அதைக் கொல்லப் போதுமானது.

திரும்பி வந்த பிறகு

பெட்டியைத் திறக்கும் முன்பே இரண்டு வெப்பமானிகளையும் படித்து, அவற்றில் பதிவாகியுள்ள மிகக் குறைந்த அளவையும் மிக உயர்ந்த அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாம்பைப் பாருங்கள். குளிர்ந்துபோன பாம்பு கையில் நனைந்த கயிறு போலத் துவண்டு, நாக்கை நீட்டாமல் கிடக்கும். இறந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். உடனே சூடான பக்கத்தின் மேல் வைக்கவும் வேண்டாம். வெப்பத்தை மணிக்கு இரண்டு மூன்று டிகிரியாக ஏற்றி, அரை நாளில் வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் மட்டும் அருகில் இருக்கட்டும். மறுநாளும் துவண்டே இருந்தாலோ மூச்சில் ஒலி கேட்டாலோ மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், எச்சத்தையும் உரிந்த சட்டையையும் பார்த்து அகற்றுங்கள். சட்டையின் தலைப்பகுதியில் இரண்டு கண்மூடிகளும் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமான இரண்டு சிறு கிண்ணங்கள் போல அவை தனித்துத் தெரியும். ஒன்று குறைந்தாலும் ஊசியாலோ நகத்தாலோ பிடுங்க முயலாமல், ஈர டப்பாவை மூன்று நாள் வைத்துவிட்டு அடுத்த சட்டை வரை காத்திருங்கள். பழைய நாளிதழையும் எச்சத்தையும் தோட்டத்து உரக்குழியிலோ ஓடையிலோ போடாமல் மூடிய பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். வெளிநாட்டுப் பாம்பின் கிருமி நம் காட்டுப் பாம்புகளைச் சென்றடையக் கூடாது.

எடையைப் பார்த்து, போகும்போது எழுதியதோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெப்பம் இரண்டு நாள் முழுக்கச் சீராக இருந்தது என்று உறுதியான பிறகே முதல் இரை. இடையில் பெட்டி குளிர்ந்திருந்தது என்று பதிவு காட்டினால் ஒரு வாரம் பொறுங்கள். அந்த முதல் இரை, வழக்கமான அளவில் பாதியாக இருக்கட்டும்.

பார்த்துக்கொண்டவர் அனுப்பிய புகைப்படங்களிலிருந்து வெப்ப அளவுகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஒத்திகைத் தாளையும் அதனுடனேயே வைத்துவிடுங்கள். அடுத்த பயணம் எந்த மாதத்தில் அமைந்தாலும், இன்னும் ஓர் அங்குலம் தெர்மாகோல் தேவையா, இன்னும் பெரிய ஹீட்டர் தேவையா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.